இரண்டாம் மைக்குக்கு நேர் கீழே

ஏணியின் எட்டாவது படியில் நின்று, வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, கட்டைவிரல் அளவே இருந்த ஒரு மைக்கைக் கூரை விட்டத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டிருந்த மைக்காரனுக்குக் கீழேயிருந்து பதினேழு பேர் யோசனை சொன்னார்கள். அந்தக் கிறிஸ்தவ ஆலயத்தின் பாடகர் குழுவில் மொத்தமே பதினேழு பேர்தான்.

இடது பக்கம் கொஞ்சம் தள்ளச் சொன்னார் பாட்டு மாஸ்டர். அது அவருடைய இடது. குழு அவரைப் பார்த்து நிற்பதால் குழுவுக்கு அது வலது. சுவரைப் பார்த்து ஏணியில் நின்றவனுக்கு அது எதுவென்று அவன் யோசித்து முடிப்பதற்குள், "தள்ளியாச்சா?" என்று கேட்டுவிட்டு, "ஆங், இப்பச் சரி" என்று அவரே சொல்லிவிட்டார். மைக்காரன் இன்னும் கையையே அசைத்திருக்கவில்லை.

கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் ஸ்டாண்டு மைக் வைத்துப் பழகியவன் அவன். தொங்கும் மைக் இதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் இருந்த தாள் நான்கு மொழிகளில், நான்கிலும் புரியாதபடி, எழுதப்பட்டிருந்தது. படத்தை வைத்து அவன் ஒப்பேற்றிக்கொண்டான்: மூன்று மைக், ஒன்றுக்கொன்று ஆறடி இடைவெளி, முன்வரிசையின் தலைக்கு மேலே இரண்டரை அடி உயரம், மைக்கின் முகம் பாடுகிறவர்களைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். காற்றாடி போட்டால் மூன்றும் ஊசலாடின; மெல்லிய தூண்டில் நரம்பால் இழுத்துக் கட்டினான். எல்லாம் முடிந்து பார்த்தால் சத்தமே வரவில்லை. அரைமணி நேரம் ஒயரை ஒயராகத் தடவிய பிறகு, மிக்ஸர் பெட்டியில் மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் பொத்தானை அமுக்காதது தெரிந்தது. யாரும் பார்க்காத நேரம் பார்த்து அமுக்கிவிட்டு, "ஒயர்ல கோளாறு, சரிபண்ணிட்டேன்" என்றான்.

இந்த மைக்குகளை வெறும் மைக்குகள் என்று நினைத்தவன் அந்தக் கூடத்தில் அவன் ஒருவன்தான்.

ஆலயம் கட்டி ஐம்பது வருஷம் நிறைவதற்கு வரும் ஞாயிறு ஓர் ஆராதனை. அதில் குழு பாடும் பாட்டின் மூன்றாம் சரணத்தை ஒருவர் தனியாகப் பாட வேண்டும். இருபது வருஷமாக அதைப் பாடி வந்த பெரியம்மா, மகன் வேலை பார்க்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். இடம் காலி. வாயால் ஆசைப்பட்டவர்கள் ஆறு பேர். வயிற்றால் ஆசைப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மைக்காரனின் சொந்த அக்கா, ஆஸ்பத்திரி நர்ஸ். இன்னொருத்தி அந்த அக்காவின் நாத்தனார், அதாவது அத்தானின் தங்கை, நூலகத்தில் வேலை.

இவர்கள் இருவரும் பேசி நான்கு வருஷம் ஆகிறது. நாத்தனார் இரவல் வாங்கிப் போன குக்கர், கேஸ்கட் இல்லாமல் திரும்பி வந்தது. கொடுக்கும்போதே கேஸ்கட் இல்லை என்றாள் நாத்தனார். கேஸ்கட் இல்லாத குக்கரை எவளாவது வைத்திருப்பாளா என்றாள் அக்கா. கேஸ்கட் இல்லாத குக்கரை எவளாவது வாங்கிப் போவாளா என்பது யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு முன் ஏழு வருஷம் இருவரும் குழுவின் முன்வரிசையில் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி மூச்சு விட்டால் மற்றவள் மூச்சு வாங்கிப் பாடியவர்கள். குக்கருக்குப் பிறகு நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. குழுவில் இருந்த பல் டாக்டரம்மாவை நிறுத்தினார் பாட்டு மாஸ்டர். டாக்டரம்மா நல்ல அகலம்.

பாட்டு மாஸ்டருக்குப் பகல் வேலை கணக்கு வாத்தியார். தனிப்பாடலுக்கு யாரைச் சொன்னாலும் மீதிப் பேர் தன்னை உரித்து உப்புத் தடவுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மைக்கிடம் பொறுப்பைக் கொடுத்தார். எல்லாரும் சேர்ந்தே மூன்றாம் சரணத்தைப் பாடுவது, மூன்று மைக்கிலும் தனித்தனியே பதிவு செய்வது, கூட்டத்துக்குள்ளிருந்தும் எந்தக் குரல் தனியாக எழும்பி நிற்கிறதோ அந்தக் குரலுக்கே சரணம். ஒவ்வொருவராகப் பாட வைத்தால் ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னதாகிவிடும், மைக்குக்கு மாமன் மச்சான் கிடையாது என்றார். மைக்கைத் தொங்கவிட்டவனுக்கு அக்கா இருப்பது அப்போதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பதினாறு தலைகள் ஏணிப் பக்கம் திரும்பின. அக்கா மட்டும் தரையைப் பார்த்தாள்.

அவன் அக்கா வீட்டு மாடியறையில் இருப்பவன். மூன்று வேளையும் அக்கா கைச் சாப்பாடு. ஒரு மாதமாக அடுக்களையில் மிக்ஸி ஓடும் சத்தத்துக்கு மேலே அந்தச் சரணம் ஏறி நிற்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவன். அதற்காக அக்கா பதினொரு வருஷம் காத்திருந்தாள் என்பது மற்றவர்களுக்கு எண்ணிக்கை. அவனுக்கு அது தினமும் பரிமாறப்பட்டது.

பதிவு தொடங்கியதும் புதுக் குழப்பம் வந்தது. பதினேழு பேரும் இரைக்கு வாய் திறந்த குஞ்சுகள் மாதிரி மைக்கை அண்ணாந்து பார்த்துப் பாடினார்கள். இரண்டாவது வரியில் கடைசி வரிசை ஓரத்து ஆள் நடுவரிசைக்கு வந்திருந்தார். மூன்றாவது வரியில் முதல் மைக்குக்குக் கீழே ஏழு பேர் இருந்தார்கள். மைக்காரன் பாட்டை நிறுத்தி, தரையில் ஒவ்வொரு காலுக்கும் வெள்ளை டேப் ஒட்டினான், முப்பத்திநாலு துண்டு. டேப்பை விட்டு நகர்ந்தால் பதிவு செல்லாது என்று மாஸ்டர் அறிவித்தார்.

நான்காவது தடவை ஒழுங்காக வந்தது. எல்லாரையும் பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொரு மைக்காகப் போட்டுக் காட்டினான். முதல் மைக்கில் ஆண்கள் கூட்டமாகக் கதவைத் தள்ளுவதுபோல் கேட்டது. மூன்றாவதில் யாரோ இருமியது நன்றாக விழுந்திருந்தது.

இரண்டாவது மைக்கைப் போட்டான்.

பின்னால் மற்றவர்கள் மங்கலாக இருந்தார்கள். முன்னால் ஒரே ஒரு குரல். அடியில் கனமாகவும் மேலே கூர்மையாகவும், எங்கேயும் கிழியாமல், சரணத்தின் கடைசி வரியை ஒரே இழுப்பில் ஏற்றி இறக்கி வைத்தது. பாட்டு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். இந்தக் குரலை இத்தனை வருஷம் கேட்டதே இல்லையே என்றார்கள். யார், யார் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கணக்கு வாத்தியார் எழுந்து போய், இரண்டாம் மைக்குக்கு நேர் கீழே இருந்த டேப்பில் நின்று காட்டினார். அது பல் டாக்டரம்மாவின் டேப்.

கைதட்டினார்கள். டாக்டரம்மாவின் முகம் சுண்ணாம்பு அடித்தமாதிரி ஆனது. அடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை. அவன் கேட்கவில்லை. அத்தானும் கேட்கவில்லை, அவர் நான்கு வருஷமாக எந்த விஷயத்திலும் எதையும் கேட்பதில்லை. அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"ரெண்டடி இந்தப் பக்கம் தொங்கவிட்டிருந்தா உன் கை என்ன தேஞ்சா போயிருக்கும்?"

தாளில் போட்டிருந்த அளவுப்படி தொங்கவிட்டதாகச் சொன்னான்.

"அந்தத் தாளா உனக்குச் சோறு போடுது?"

இதற்குத் தாளில் பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா அவனைத் தன் கிளினிக்குக்கு வரச் சொன்னார். பல் சுத்தம் செய்துவிடுகிறேன் என்றார். தன் பல்லுக்கு என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் போனான். நாற்காலியைச் சாய்த்தார், விளக்கை இழுத்தார், வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், கண்ணாடி என்று வரிசையாக வைத்தார். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, மாஸ்க்கைக் கீழே இறக்கினார்.

"நான் பாடவே இல்ல தம்பி."

அவன் ஏதோ சொன்னான். பஞ்சு அதை எடுத்துக்கொண்டது.

"அன்னைக்கு மட்டும் இல்ல. ஒன்பது வருஷமா. வாயை மட்டும் அசைப்பேன்."

மாமியாரின் ஆசைக்காகக் குழுவில் சேர்ந்ததாகவும், முதல் நாள் வாயைத் திறந்ததும் பாட்டு மாஸ்டர் ஜன்னலை மூடியதாகவும், அன்றிலிருந்து சத்தம் மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் செய்து வருவதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் அவனுடைய கீழ்ப்பல்லைச் சுரண்டவும் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தனியாக நிற்க வேண்டும் என்று நினைத்தால் கை நடுங்குகிறது என்றார். நடுங்கும் கை தன் வாய்க்குள் இருப்பதை மைக்காரன் கவனித்தான்.

குழாய் வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் அந்தக் குரல் யாருடையது என்பதுதான். டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. இடது காதில் அக்கா பாடுவது கேட்கும், வலது காதில் நாத்தனார் பாடுவது கேட்கும், அந்தக் குரல் இரண்டு காதிலும் கேட்டதே இல்லை என்றார். "பேயா இருக்குமோ?" என்றும் கேட்டார். ஆலயத்தில் பேய் எப்படி என்று அவன் யோசித்தான். யோசித்ததற்காக வெட்கப்பட்டான்.

டாக்டரம்மாவைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஆனால் சும்மா இருந்தால் ஞாயிறு காலை நானூறு பேர் முன்னால் ஒரு பொம்பளை வாயசைத்துக்கொண்டு நிற்பார், அவன் அக்கா பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பாள். சனிக்கிழமை ஒத்திகைக்கு முன், மைக்கை ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று மாஸ்டரிடம் பொய் சொல்லி, ஒவ்வொருவரையும் தனியாக நான்கு வரி பாடச் சொன்னான். டாக்டரம்மா ஓர் அவசரப் பல் என்று சொல்லி வராமலே இருந்துவிட்டார்.

பதினாறு பேர் பாடினார்கள். ஒருவருடையதும் அந்தக் குரல் இல்லை. அக்காவின் குரலில் அடி இருந்தது, முனை இல்லை. நாத்தனார் குரலில் முனை இருந்தது, அடி இல்லை. பிறகு எல்லாரையும் சேர்ந்து பாடவைத்தான். இரண்டாம் மைக்கில் அந்தக் குரல் வரவேயில்லை.

பாட்டு மாஸ்டர் கரும்பலகை முன் நிற்பதுபோல் விரலை உயர்த்தினார். டாக்டரம்மா இருந்தபோது குரல் இருந்தது, டாக்டரம்மா இல்லாதபோது குரல் இல்லை, ஆகவே குரல் டாக்டரம்மாவுடையது. குழு முழுவதும் தலையாட்டியது. இவ்வளவு சுத்தமான ஒரு நிரூபணத்தை அவன் பள்ளிக்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. பாடவே பாடாத ஒருவர் வராததால் பாட்டு நின்றுபோனது என்பதை எந்தப் பக்கத்திலிருந்து பிடிப்பது என்று அவனுக்கு விளங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

தரையில் டேப் இருந்தது. டேப்பில் கால் இல்லை.

டாக்டரம்மா என்ற சுவர் இல்லாமல் போனதும் அக்கா ஒன்றரையடி இந்தப் பக்கம் நகர்ந்திருந்தாள். நாத்தனார் மூன்றடி அந்தப் பக்கம். ஒருத்தியின் புடவை மற்றவள் மேல் பட்டுவிடக் கூடாது என்கிற தூரம்.

அவன் போய், டாக்டரம்மாவின் இடத்தில் புத்தகம் வைக்கும் ஸ்டாண்டு ஒன்றைப் போட்டு, அதன் மேல் தன் சட்டையை மாட்டினான். பனியனோடு நின்று, இருவரையும் டேப்பில் நிற்கச் சொன்னான். அவங்களை முதலில் நிற்கச் சொல் என்றாள் அக்கா. அவங்க நின்றால் நிற்கிறேன் என்றாள் நாத்தனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இருவரையும் ஒரே சமயத்தில் டேப்பில் ஏற்ற வேண்டியிருந்தது.

குரல் திரும்பி வந்தது. ஸ்டாண்டுக்கும் சட்டைக்கும் மேலே, முன்னைப் போலவே, எங்கேயும் கிழியாமல்.

பாட்டு மாஸ்டர் ஹெட்போனைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஸ்டாண்டைப் போய்ப் பார்த்தார். சட்டையைத் தொட்டும் பார்த்தார். மைக்காரன் அளவு டேப்பை இழுத்து, மைக்கிலிருந்து அக்காவின் வாய்க்கும் நாத்தனாரின் வாய்க்கும் அளந்து காட்டினான். இரண்டும் ஒரே அளவு, அரை அங்குலம்கூட வித்தியாசமில்லை. நடுவில் சத்தமில்லாத ஓர் ஆள். ஏழு வருஷம் ஒரே புத்தகத்தில் பாடி ஒரே மாதிரி மூச்சு வாங்கக் கற்ற இரண்டு பேர். மைக் இரண்டையும் ஒன்றாகக் கேட்டுவிட்டது.

"சத்தமில்லாத ஆளா?" என்றார் மாஸ்டர்.

"டாக்டரம்மா மெதுவாப் பாடுவாங்க சார்" என்றான் மைக்காரன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் மூடிய ஜன்னல் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அக்காவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பதினொரு வருஷம் கேட்டது கிடைத்திருந்தது, பாதியாக. மீதிப் பாதி யாரிடம் என்பதுதான் சிக்கல்.

"என் குரல்ல அவங்க குரல் ஒட்டிக்கிட்டிருக்குன்னா, கழட்டிடு" என்றாள் அக்கா.

"நான் போய் யார்மேலயும் ஒட்டல, சொல்லிடுங்க தம்பி" என்றாள் நாத்தனார், இரண்டடி தள்ளி நின்ற அண்ணிக்கு.

கழற்றினால் இரண்டும் சுமார்தான் என்றான் மைக்காரன். அவன் வாழ்நாளில் சொன்ன மிக ஆபத்தான வாக்கியம் அது. இருவரும் ஒரே நேரத்தில் அவனை முறைத்தார்கள். அந்த முறைப்பும் ஒரே அளவில் இருந்தது.

கடைசியில் அக்கா தன் டேப்பைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை நான் இதுல நின்னு பாடுவேன். பக்கத்துல யார் பாடறாங்கன்னு எனக்குத் தெரியாது." நாத்தனாரும் தனக்கும் தெரியாது என்று மாஸ்டரிடம் தெரிவித்தாள்.

அடுத்த சங்கடம் ஆராதனைத் தாளில் யார் பெயரை முதலில் போடுவது என்பது. மாஸ்டர் இரண்டு தடவை எழுதி இரண்டு தடவை கிழித்தார். மூன்றாம் தடவை எழுதியதை அச்சுக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியை அணைத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நானூறு பேர் கையில் இருந்த தாளில் இப்படி இருந்தது: தனிப்பாடல், மூன்றாம் சரணம் – இரண்டாம் மைக்.

சரணம் வந்தபோது மற்றவர்கள் நிறுத்தினார்கள். யாரும் முன்னால் வரவில்லை. சபையார் தாளைப் பார்த்தார்கள், பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மைக்கைப் பார்த்தார்கள். நடுவில் டாக்டரம்மா புத்தகத்தைப் பிடித்தபடி, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக நின்றார். அவருக்கு இரண்டு பக்கமும் இருவர் நேராகப் பார்த்துப் பாடினார்கள். மிக்ஸர் பக்கத்தில் மைக்காரன் இரண்டாம் மைக்கின் சத்தத்தை ஏற்றினான். கூரையில் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து அந்த ஒற்றைக் குரல் இறங்கியது. போதகர்கூட மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் அவனிடம் வந்து, அந்த மைக் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். தன் மருமகள் பாடுவாள் என்றும், அவள் மேலேயும் ஒன்று தொங்கவிட்டால் தேவலை என்றும் சொன்னார்.

மறுநாள் அக்கா அடுக்களை மேசையில் உட்கார்ந்து, ஹெட்போனில் அந்தப் பதிவை நான்கு தடவை கேட்டாள்.

"என்னோடத மட்டும் தனியா எடுத்துக் குடுடா."

ஒரே மைக்கில் விழுந்ததைப் பிரிக்க முடியாது என்றான். அவள் ஐந்தாவது தடவை கேட்டாள்.

"மூணாவது வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு வாங்குது பார். அது யாரு?"

அவன் கேட்டுப் பார்த்தான். தெரியவில்லை. நானில்லை என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, நானாகவும் இருக்கலாம் என்றாள். அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அவகிட்டயும் போட்டுக் காட்டிக் கேளு."

நான்கு வருஷத்தில் அந்த வீட்டில் 'அவங்க' என்பது 'அவ' ஆனது இதுதான் முதல் தடவை. அது முன்னேற்றமா சண்டையா என்று அத்தானின் முகத்தைப் பார்த்தான். அத்தானுக்கும் தெரியவில்லை.

நூலகத்தில் பேசக் கூடாது. நாத்தனார் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு புத்தகத்தை விரித்துப் படிப்பதுபோலவே கேட்டாள். பிறகு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

அவன் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினான். "அந்த மூச்சு என்னோடது இல்லை. ஆனா சரியான இடத்துல வாங்கியிருக்காங்க."

அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"திரும்பப் படி."

படித்தான். சீட்டை வாங்கி அவளே ஒருமுறை படித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"கேஸ்கட்டப் பத்தி ஒண்ணும் எழுதலையா?"

"இல்லக்கா."

"ம்" என்றாள். சீட்டை மடித்து, கேஸ்கட் இல்லாத அந்தக் குக்கருக்குள் போட்டு மூடினாள்.